போர்வீல், ஆட்டோ, ஓப்பன் டாப்

கார் வாங்க வருகிறவர் டயரை ஒரு உதை உதைப்பார். வாங்க வராதவரும் அதே டயரை ஒரு உதை உதைப்பார். இரண்டு உதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

நீங்களும் ஏதாவது ஒரு கடையில் நின்று, "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்ற வார்த்தையைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டவராக இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது. நான் மெதுவாகப் பேசுகிறவன். பக்கத்தில் வந்தால்தான் கேட்கும்.

வாளி

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, பழைய கார் விற்கும் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர் வீட்டுப் பிள்ளை அவர். தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவார். நான் அங்கே கார் கழுவத்தான் சேர்ந்தேன். விற்பனைக்கு நின்ற ஒருவர் வேலையை விட்டுப் போனதும், தவுக்கே என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "சட்டைய மாத்திக்கிட்டு முன்னுக்குப் போ" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சிவப்பு ஜெர்மன் கார் வந்து சேர்ந்தது. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. கியர் தானாக மாறும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். வைத்திருந்தவர் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். சிவப்பு நிறம் 'ஓங்', அதாவது அதிர்ஷ்டம் என்று தவுக்கே அதை வாங்கி வாசலில் மேடை கட்டி ஏற்றினார். அதிர்ஷ்டம் மேடையிலேயே நின்றது. எனக்குத் தாத்தா சொல்லும் ராஜா மகள் கதைதான் ஞாபகம் வந்தது. அவள் மாடத்தில் நிற்பாள். தேசம் தேசமாக ராஜகுமாரர்கள் வருவார்கள், ஆளுக்கொரு நொட்டை சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரிடம் நான் விளக்கிக்கொண்டிருந்ததைத் தவுக்கே பின்னால் நின்று கேட்டார். கேட்க முயன்றார் என்று சொல்வதுதான் சரி. வாடிக்கையாளர் போனதும் என்னைக் கூப்பிட்டு, கழுவும் இடத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காட்டிச் சொன்னார்: "தினேஷ், நீ பேசுறது உனக்காவது கேக்குதா? தீவாளிக்குள்ள அந்தச் செவப்புக் காரு போனா நீ சேல்ஸ்மேன். போவலன்னா வாளி எங்கயும் போவல லா."

மாமியார் சீட்டு

முதலில் வந்தது ஒரு கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அம்மா, இரண்டு அத்தைமார், ஒரு சித்தப்பா. பையனுக்கு ஆசையென்றால் ஆசை. மண்டபத்து வாசலில் இந்தக் காரில் வந்து இறங்க வேண்டும், அப்புறம் காலத்துக்கும் அதை வைத்துக்கொள்ள வேண்டும். "கூரைய தொறந்துட்டா போட்டோ எடுக்குற ஆளுக்கு வேலையே இல்ல அண்ணே, எந்தப் பக்கம் நின்னாலும் மூஞ்சி விழும்" என்றான். என்னைவிட மூத்தவன், ஆனாலும் சட்டைக்கு மரியாதை கொடுத்து அண்ணே என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சித்தப்பா டயரை உதைத்தார். அத்தைமார் கூரை மடங்குவதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். இதெல்லாம் நல்ல சகுனம் என்று நானும் நினைத்தேன். அம்மா மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், குனிந்து உள்ளே பார்த்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலிருந்தது. பிறகு நிமிர்ந்தார். கேள்வியை என்னிடம் கேட்காமல் மகனிடமே கேட்டார்: "ரெண்டு சீட்டுல நீ ஒன்னு, அவ ஒன்னு. எனக்கு எடமில்லாத காருல உனக்கு என்னடா ஊர்வலம்?"

ஞாயிற்றுக்கிழமை டீச்சர்

பக்கத்துத் தெருவில் ஒரு தேவாலயம் உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் ரோசலின் டீச்சர் வருவார். ஓய்வுபெற்றவர், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் குடை. வந்ததும் "தம்பி, தொறங்க" என்பார். கதவைத் திறந்துவிடுவேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "மேலயும் தொறங்க." கூரையையும் திறப்பேன். மலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு கேள்வி கேட்பார். பரீட்சைத் தாளில் வருகிற மாதிரிக் கேள்விகள். மழையில் நான்கு சக்கரமும் இழுத்தால் பிரேக் பிடிக்கும் தூரம் குறையுமா? (குறையாது டீச்சர், கிளம்பும்போதும் வளைவிலும்தான் அதற்கு வேலை.) வெயிலில் துணிக்கூரை வெளுக்குமா? என் பதிலை அவர் ஒருவர்தான் முதல் தடவையிலேயே காதில் வாங்கிக்கொள்வார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் முணுமுணுப்பதைக் கேட்டுப் பழகிய காது.

தவுக்கேக்கு நம்பிக்கை வந்துவிட்டது. டீச்சர் தலை தெரிந்தாலே ஐஸ் கோப்பி வாங்கிவர ஆளை அனுப்பினார். சில ஞாயிறுகள் போனபின், டீச்சரே ஓட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்து, லைசென்ஸைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். டீச்சர் கோப்பியை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, தப்பான விடை எழுதிய பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்: "லைசென்ஸ் ஏது தம்பி? வாங்கணும்னு ஆசன்னு சொன்னேன். ஓட்டணும்னு எப்பவாச்சும் சொன்னேனா?"

காசு கொடுத்து நனைவது

அடுத்து வந்தவர் நிஜமாகவே வாங்கக்கூடிய ஆள். ஈப்போவில் மரச்சாமான் வியாபாரம். கேமரன் மலைக்கு அடிக்கடி போகிறவர். அந்த வளைவுகளில் நான்கு சக்கரமும் ரோட்டைக் கவ்வ வேண்டும், மேலே ஏற ஏறக் குளிர்காற்று முகத்தில் அடிக்க வேண்டும், கியர் மாற்றுகிற தொல்லை கூடாது. இந்தக் காருக்காகவே செய்து அனுப்பிய ஆசை. கூரையைத் திறந்து பத்து காஜா ரோட்டில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றதும் என் பக்கம் திரும்பி, "நல்லா வாயசைக்கிறீங்க தம்பி. இப்ப மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

முதலிலிருந்து தொடங்குவதற்குள் மழை வந்துவிட்டது. ஈப்போ மழையை உங்களுக்குத் தெரியும், தூறல் என்ற முன்னுரையெல்லாம் அதற்குக் கிடையாது. பொத்தானை அழுத்தினோம். கூரை தூங்கி எழுந்த பெரிய மனிதர் மாதிரி மெதுவாகப் புரண்டு, மெதுவாக நிமிர்ந்து, மெதுவாக வந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் ஹார்ன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில், கிழிந்த மழைக்கோட்டோடு நின்ற ஒருவர் எங்களையே பார்த்தார். கண்ணில் ஏளனம் இல்லை, நிஜமான சந்தேகம். அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு மரச்சாமான் முதலாளி மறுபடி கடைப்பக்கம் வரவே இல்லை. கேட்டது இதுதான்: "எனக்குக் கூரை இல்ல அண்ணே, நனையுறேன். உங்களுக்குத்தான் இருக்குல்ல, அப்புறம் ஏன் நனையுறீங்க?"

சோப்பு டப்பா

கடையில் எனக்கு மூத்தவர் அந்தோணி அண்ணன். ஒரு காரை விற்றுவிட்டு, அதே ஆளிடம் அந்த ஆளுடைய பழைய காரையும் பாராட்டி அனுப்பத் தெரிந்தவர். அவர்தான் யோசனை சொன்னார். "இங்க ஒக்காந்து யாரு வருவான்னு பாக்காத. போன்ல வெளம்பரம் போடு." நான் 'ஆல் வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக், கன்வர்ட்டிபிள்' என்று எழுதிக் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் யாருக்குடா வெளங்கும்? நம்ம ஜனங்களுக்குப் புரியுற மாதிரி எழுது." அப்படியே எழுதினேன்: போர்வீல், ஆட்டோ, ஓப்பன் டாப். அவசரத்தில் படம் சேர்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் சுங்காயிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். வீரய்யா அங்கிள், பாக்கியம் ஆன்ட்டி. தாங்கள் இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கொஞ்சம் நிலம் வாங்கி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டவர்கள். அங்கிள் கையில் சுருட்டிய கான்வாஸும் ஒரு கயிறும். "எங்க தம்பி போர்வீலு?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் போர்வீல் என்றால் ஒன்றே ஒன்றுதான்: பின்னால் திறந்த தொட்டி வைத்து, செம்பனைக் குலை ஏற்றுகிற பிக்கப் வண்டி. ஆனால் அங்கிள் கேட்டதில் தப்பே இல்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் சறுக்காமல் ஏற நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். இடது முட்டி போய்விட்டது, கிளச்சை மிதிக்க முடியவில்லை, அதனால் ஆட்டோ. மேலே திறந்திருக்க வேண்டும், அது ஆன்ட்டிக்காக. மூடிய வண்டியில் ஏறினால் ஆன்ட்டிக்குக் குமட்டும். கார், பஸ், எதுவும் ஆகாது. இத்தனை வருஷமாகப் பழைய போர்வீலின் பின்தொட்டியில், குலைகளோடு குலையாக உட்கார்ந்தே வந்து பழகிவிட்டார். இப்போது போலீஸ் பிடிக்கிறது. அதற்காகப் பின்தொட்டியைப் பெரிதாகப் பார்த்து வாங்கி, கம்பி கட்டி, பெஞ்சு போடலாம் என்பது அங்கிள் கணக்கு.

நான் தலையைக் குனிந்துகொண்டே சிவப்புக் காரைக் காட்டினேன். அங்கிள் கான்வாஸைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் திறக்கச் சொன்னார். மடங்கிய கூரை போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு குலைகூட நிற்காது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் தள்ளி நின்ற ஆன்ட்டி மட்டும் கிட்டே வந்தார். கூரை இல்லாத இடத்தில் கையை நீட்டி, அங்கே ஏதாவது தட்டுப்படுகிறதா என்று துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அங்கிள் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அந்தோணி அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, குடித்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காத தம்பி. மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். இது போர்வீலு இல்ல, சோப்பு டப்பா."

குறை சொல்லாதவர்

தீபாவளி நெருங்கிவிட்டது. வாசலில் முறுக்கு விற்கும் அக்காவுக்கு இருந்த கூட்டம்கூட எங்களுக்கு இல்லை. கழுவும் இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த வாளி என்னைத் தெரிந்தவன் மாதிரி பார்த்தது. தவுக்கே காரின் மூக்கை மலைப்பக்கம் திருப்பி வைத்தார், பிறகு ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அம்மன் கோயில் குங்குமத்தை யாருக்கும் தெரியாமல் டயரில் வைத்தேன். சிவப்பில் சிவப்பு தெரியாது என்று முதலில் பம்பரில் வைக்கப் போனதும் உண்மை.

ஒரு மத்தியானம், கூரையைத் திறந்து வைத்துவிட்டு மூவரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே ஹார்ன் சத்தம். விட்டு விட்டு, பொறுமையில்லாத பணக்காரர் அடிக்கிற மாதிரி. வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். மலையிலிருந்து இறங்கி வந்த பெரிய குரங்கு ஒன்று ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, ஒரு கையை ஸ்டியரிங்கில் போட்டு, மறு கையால் யாரோ விட்டுப்போன முறுக்கைத் தின்றுகொண்டிருந்தது. நான் விரட்டக் கை ஓங்கினேன். தவுக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான மரியாதையோடு சொன்னார்: "விடு லா. இத்தன நாளா இதுல ஒக்காந்தவங்கள்ல கொற சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான்."

எலுமிச்சம்பழம்

கடைசி வாரம். அதே மோட்டார் வந்து நின்றது. இந்தத் தடவை கான்வாஸ் இல்லை, கயிறு இல்லை. ஆன்ட்டி கையில் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது. குமட்டினால் மோந்து பார்க்க. "வீட்டுக்குப் போனதுலேர்ந்து இதே பேச்சு தம்பி" என்றார் அங்கிள். "அந்த மூடி இல்லாத காருல ஒரு தடவ ஒக்காந்து பாக்கணுமாம். எங்க மக ஷா ஆலாம்ல இருக்கா. கட்டிக்குடுத்து இத்தன வருசம், இவ அந்த வாசல மிதிச்சதில்ல. மோட்டார்ல அம்புட்டு தூரம் போவ முடியுமா?"

ஆன்ட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூரையைத் திறந்து, சிம்பாங் பூலாய் பக்கம் மெதுவாக ஓட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். புறப்படும்போது எலுமிச்சம்பழம் மூக்கிலேயே இருந்தது. ஒரு லாரி புகை விட்டபோது இன்னும் அழுத்திப் பிடித்தார். பிறகு மலையோரக் காற்று வந்தது. பழம் கன்னத்துக்கு இறங்கியது. கன்னத்திலிருந்து மடிக்கு இறங்கியது. "மோட்டார் மாதிரியேதான் இருக்கு தம்பி, முதுகு மட்டும் வலிக்கல" என்றார். திரும்பி வந்ததும் அங்கிள், "இப்ப நான் ஓட்டி இவளுக்கு ஒத்துக்குதா பாக்கணும்" என்றார். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொன்னேன். அப்போது பார்த்து ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரி தடதடத்துக்கொண்டு போனது. கார் கிளம்பிப் போனதும் தவுக்கே உள்ளேயிருந்து ஓடிவந்தார். "ஆள தனியா அனுப்பிட்டியா? நீ ஏன் கூடப் போவல?" "சீட்டு இல்ல தவுக்கே." "திரும்பி வரலன்னா?" "மோட்டார விட்டுட்டுத்தானே போயிருக்காங்க." தவுக்கே அந்த மோட்டாரைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மலைக்குப் பின்னாலிருந்து மழை இறங்கியது.

அவர்கள் திரும்பியபோது கொட்டுகிற மழையில் கார் திறந்தபடியே வந்தது. அங்கிள் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. ஆன்ட்டி ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். "மூடுற பொத்தான் எதுன்னு நீ சொன்னது என் காதுல விழவே இல்ல தம்பி!" "விழுந்திருந்தாலும் நான் மூட விட்டிருக்க மாட்டேன்" என்றார் ஆன்ட்டி. தவுக்கே என் முதுகில் ஒரு விரலால் குத்தினார், பேசு என்று. பேசினேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "அங்கிள், யோசிச்சுக்குங்க. இது தரையோட தரையா இருக்குற காரு. உங்க செம்மண் பாதையில அடி தட்டும். குலை ஒன்னுகூட ஏத்த முடியாது." ஜென்மத்தில் முதல் தடவையாக நான் பேசியது எல்லோருக்கும் கேட்டது. தவுக்கேயின் விரல் அப்படியே நின்றது. அந்தோணி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அங்கிள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "குலைக்குப் பழைய வண்டி இருக்கு, கிளச்சு மிதிக்க ஆள் வெச்சுக்குவேன். நீ என்னா போட்ட? போர்வீலு. ஆட்டோ. ஓப்பன் டாப். இதுல எது பொய்யி? பாதையில மண்ணக் கொட்டி நெரவிக்கலாம் தம்பி. இவ வயித்துல எதக் கொட்டுறது?"

ஆன்ட்டி இறங்கி வந்து, நனைந்த எலுமிச்சம்பழத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இனிமே இது எனக்கு வேணாம். டயருக்கு அடியில வெய்யி." புதுக்காரை எடுக்கும் நாளில் எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்போம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவுக்கேக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் விறுவிறுவென்று கழுவும் இடத்துக்குப் போனார், அந்த வாளியை எடுத்தார், ஒரு துணியையும் போட்டு என்னிடம் நீட்டினார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு அதை வாங்கினேன். அப்போது சொன்னார்: "யோவ் சேல்ஸ்மேன், சீட்டெல்லாம் தண்ணி. தொடச்சிக் குடு லா."

ராஜா மகள் கதையின் முடிவைத் தாத்தா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்வார், எனக்குத்தான் புரிய இவ்வளவு நாளாயிற்று: அலங்கரித்துக்கொண்டு வந்த ராஜகுமாரர்களையெல்லாம் விட்டுவிட்டு, மாலை போய் விழுவது காணாமல் போன மாட்டைத் தேடி அந்தப் பக்கம் வந்தவன் கழுத்தில்தான்.